ஓடாத கர்னல்

மந்தைவெளியில் நகர்ந்துவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடாத ஒரே மனிதர் எங்கள் கர்னல்தான். பஸ் போய்விடும். அவர் நடப்பார். அடுத்த ஸ்டாப்பில் பஸ் வந்து நிற்கும்போது அவர் அங்கே நின்றுகொண்டிருப்பார். கண்டக்டரைப் பார்த்து, "லேட்" என்பார். இதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். லஸ் சிக்னலில் ஒரு முறையாவது மாட்டிக்கொண்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'வாத்துக் கர்னல்' என்றால் தெரியும். எல்லாம் அந்த நடையால் வந்தது. முழங்கால் மடங்காது. இடுப்பு இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு வெட்டும். கைகள் இரண்டும் மார்புக்குக் குறுக்கே தறி நாடா மாதிரி போய் வரும். மேலே பார்த்தால் வெள்ளை மீசையும் கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையுமாக ஒரு கௌரவமான வக்கீல். கீழே பார்த்தால் குளத்தைத் தேடிப் போகும் வாத்து. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னாலேயே நடந்து காட்டுவார்கள். அவர் நின்று திரும்பி, "முழங்கால் மடங்குது. திருத்திக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார்.

கல்லூரி நாளில் அவர் நடைப்போட்டி வீரர். ஓட்டப்பந்தயம் எல்லோருக்கும் தெரியும். நடைப்பந்தயம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டுமாம். இரண்டு காலும் எழும்பிவிட்டால் அது ஓட்டம், ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்களாம். பல்கலைக்கழகப் போட்டியில் கடைசிச் சுற்றில் இவர்தான் முதலில் போய்க்கொண்டிருந்தார். நடுவர் ஒருவர் சிவப்பு அட்டையைக் காட்டிவிட்டார்.

"இரண்டு காலும் தூக்கினேன்னு சொன்னார். எப்படித் தெரியும்னு கேட்டேன். கண்ணால பார்த்தேன்னார். எந்தக் காலை முதல்ல பார்த்தீங்கன்னு கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியல."

மைதானத்தில் விளக்கை அணைக்கும் வரை வாதாடியிருக்கிறார். பதக்கம் கிடைக்கவில்லை. வழியில் யாரோ, "உனக்கு எதுக்குப்பா ஸ்போர்ட்ஸு, லா காலேஜுக்குப் போ" என்று எரிச்சலில் சொல்ல, அதை நல்ல யோசனை என்று எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கிருந்து ராணுவத்தின் சட்டப் பிரிவு. எல்லைப்புற ஊர்களில் எல்லாம் கோர்ட் மார்ஷல் விசாரணைகளில் உட்கார்ந்திருந்தவர்.

"ராணுவத்துல வக்கீலா? சண்டை போடற எடத்துல வாதாட என்ன சார் இருக்கு?" என்று கேட்காதவர்கள் கிடையாது.

"சண்டை வருஷத்துல எத்தனை நாள் நடக்கும்? மிச்ச நாளெல்லாம் சிப்பாய்க்கு எதிரி அவன் மேல யாரோ எழுதற குற்றச்சாட்டுதான்" என்பார்.

ஓய்வு பெற்று வந்து மந்தைவெளியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஆபீஸ் போட்டார். நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். ப்ளஸ் டூ, டைப்ரைட்டிங் ஹையர், இவ்வளவுதான் என் படிப்பு. புது மனிதர்களோடு பேசுவதென்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வேலை கேட்டுப் போன அன்று, "ஏதாவது கேக்கணுமா?" என்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன். "ரொம்ப நல்லது. முன்னாடி இருந்தவர் கேட்டுட்டே இருப்பார்" என்று வேலை கொடுத்துவிட்டார்.

கட்சிக்காரர்களை அவர் உட்கார வைத்துப் பேசியதே இல்லை. நடந்தால்தான் மனிதனுக்கு உண்மை வரும் என்பது அவர் கொள்கை. சாந்தோம் பக்கம் கிளம்பிவிடுவார். ஒரு முறை ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இப்படிக் கூடவே போனார். திரும்பி வந்து என் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"தங்கச்சி, நான் மலையில சண்டை போட்டவன். அங்ககூட இப்படி ஓடல."

பின்னாலிருந்து கர்னலின் குரல் வந்தது. "நீங்க ஓடினீங்க. நான் நடந்தேன். அதனாலதான் உங்களுக்கு மூச்சு வாங்குது."

ஒரு தடவை மேல் வீட்டு மாமிக்குக் காலையில் பால் பாக்கெட் காணாமல் போய்க்கொண்டிருந்தது. வாட்ச்மேன் மாரிதான் எடுக்கிறான் என்று மாமி சொல்லிவிட்டாள். மாமி எங்களிடம் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். கர்னல் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "குற்றச்சாட்டுன்னு ஒண்ணு வந்துட்டா விசாரணைன்னு ஒண்ணு வந்தாகணும்" என்று கார் நிறுத்துமிடத்தில் மேஜை போட்டுவிட்டார். ராணுவ விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் துணையாக ஒரு 'நண்பர்' உட்காரலாமாம். அந்த நண்பர் நான் என்று அறிவித்தார்.

"இன்னா சார் இது? நான் டூட்டிக்கு வந்தேனா, தூக்குக்கு வந்தேனா?" என்றான் மாரி.

"உட்காருங்க மாரி. நீங்க நிரபராதி."

"அப்ப வுடு சார், போய்க்கினே இருக்கேன்."

"போகக்கூடாது. இன்னும் தீர்ப்பு வரல. தீர்ப்பு வர்ற வரைக்கும் நிரபராதி. அதுக்கப்புறம்தான் சந்தேகம்."

மாமி எழுந்தாள். "கர்னல் சார், இவன்தான் எடுத்துண்டு போறான். நேக்கு நன்னாத் தெரியும்."

"பார்த்தீங்களா?"

"பாக்கணுமா என்ன? மூஞ்சியப் பாத்தாலே தெரியறதே!"

"மூஞ்சி சாட்சி சொல்ல முடியாது மாமி. நண்பருக்கு ஏதாவது கேள்வி உண்டா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னை அறியாமல் ஒரு கேள்வி வந்துவிட்டது. "காலைல வீட்டுல முதல்ல யாரு எந்திரிப்பாங்க?" என்றேன். யார் காதிலும் விழவில்லை. கர்னல் எனக்காக ஒரு முறை உரக்கச் சொன்னார். பின்வரிசையில் இருந்த மாமா மெல்ல எழுந்து நின்றார்.

"நான்தான். மொட்டைமாடில பூனை குட்டி போட்டிருக்கு. இவளுக்குப் பூனைன்னா ஆகாது" என்றார்.

விஷயம் அத்தோடு சிரிப்பாக முடிந்திருக்கும். கர்னல் முடிய விடவில்லை. 'மாரி என்பவர் கௌரவமாக விடுவிக்கப்படுகிறார்' என்று நல்ல தாளில் என்னை டைப் அடிக்கச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, எழுந்து நின்று கொடுத்தார். மாரி அதை லேமினேட் செய்து தன் ரூமில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டான். "என் வாய்க்கையில எனுக்கு யாரும் எயுதிக் குட்த்தது இல்ல, யக்கா" என்றான்.

அந்த லேமினேஷனைப் பார்த்துத்தான் தேசம்மா எங்களிடம் வந்தாள்.

தேசம்மாவுக்கு நொச்சிக்குப்பத்தில் மீன் கடை. மாரிக்குத் தூரத்து உறவு. ஒரு நாள் கடையை முடித்துவிட்டு நேரே வந்தாள். படியில் கூடையை வைத்துவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"நீதான் பேரைக் கயுவிக் குடுக்கற வக்கீலா?"

"வாங்கம்மா. யார் பேரு?"

"எம்புள்ள பேரு. சேகரு. பட்டாளத்துக்காரன். ஓடிப் போனவன்னு எயுதி வச்சிக்கீறாங்க சார். அந்த ஒரு வார்த்தைய எடுத்துக் குடு. வேற எதுவும் ஓணாம்."

வழக்கம்போல் கர்னல் அவளோடு நடந்துகொண்டே பேச எழுந்தார். அவளைப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, திரும்ப உட்கார்ந்துவிட்டார். கட்சிக்காரருக்கு எதிரில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பல வருஷங்களுக்கு முன்னால் நடந்தது அது. சேகர் லீவில் வந்திருந்தான். லீவு முடிய மூன்று நாள் இருக்கும்போது, பழைய ஆசையில், சித்தப்பாவின் படகில் விடியற்காலை கடலுக்குப் போனான். அலையில் படகு கவிழ்ந்தது. பின்னால் வந்த படகு சித்தப்பாவைத் தூக்கிவிட்டது. சேகர் கிடைக்கவில்லை. குப்பமே தேடியது. உடலும் ஒதுங்கவில்லை.

தேசம்மா சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கினாள். செத்தான் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. போலீசில் எழுதிக் கொடுக்கக் கூடாது. படத்துக்கு மாலை போடக் கூடாது. பெற்றவள் வாய் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் கடல் அதைக் கேட்டுக்கொள்ளும் என்பது அவள் எண்ணம். அவளுக்காகக் குப்பமே வாயை மூடிக்கொண்டது.

ராணுவத்துக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? லீவு முடிந்தது, ஆள் வரவில்லை. ஸ்டேஷனுக்குத் தகவல் வந்தது. கான்ஸ்டபிள் ஒருவர் வந்து, உன் மகன் எங்கே என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் கர்னல்.

"வெளிய போயிருக்கான், வந்துடுவான்னேன்."

"எங்க போயிருக்கான்னு கேட்டாரா?"

"கேட்டாரு. சொல்ல மாட்டேன்னேன்."

கர்னல் கண்ணை மூடிக்கொண்டார். தாய் மகனை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று அந்தக் கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டு போகாமல் வேறு என்ன செய்வார்? அன்றிலிருந்து சேகர் ஓடிப்போனவன். புதிதாக யாராவது அந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்தால் தேசம்மா வீட்டுக்கு ஒரு நடை வந்துவிடுவார்கள்.

"கட்டில் கீய பாக்கறாங்க சார். மொட்டை மாடிய பாக்கறாங்க. ஒருத்தன் மீன் கூடையத் தூக்கிப் பாத்தான். எம்புள்ள இன்னா நெத்திலியா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை.

கர்னல் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, இதுக்குச் சுலபமா ஒரு வழி இருக்கு. இத்தனை வருஷம் ஒருத்தரைப் பத்தித் தகவலே இல்லைன்னா, அவர் காலமாயிட்டார்னு எடுத்துக்கச் சட்டத்துல இடம் இருக்கு. நீங்க அப்படின்னு எழுதிக் கொடுத்தா, 'ஓடிப் போனவன்'ங்கற வார்த்தை தானா போயிடும்."

தேசம்மா கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். "நான் வரேன் சார்" என்று போய்விட்டாள்.

அவளைச் சம்மதிக்க வைக்க கர்னல் என்னை அனுப்பினார். பெண்ணுக்குப் பெண் பேசினால் கேட்பாள் என்று நினைத்தார். பேசத் தெரியாத ஆளைப் பேச அனுப்பியது அவருடைய வழக்கமான கோளாறுகளில் ஒன்று. நான் போய் மீன் கடை ஓரமாக நின்றேன். தேசம்மா வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வக்கீலு அனுப்சாரா?"

"ஆமா."

"குந்து, கண்ணு. வெயில்ல நிக்காத."

உட்கார்ந்தேன். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், பேரம் பேசினார்கள், போனார்கள். நான் கேட்க வந்ததை அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் எழுந்தபோது, தானாகவே ஒன்று சொன்னாள்.

"அவன் யூனிபாரத்த இஸ்திரிக்குப் போட்டுட்டுத்தான் கடலுக்குப் போனான். இன்னும் அந்த இஸ்திரி வண்டிக்காரன்கிட்டதான் கீது. குட்த்தவன்தான் வந்து வாங்கணும். நான் வாங்கினா வேற மாதிரி ஆயிடும் இல்ல?"

திரும்பி வந்தேன். "ஒத்துக்கிட்டாங்களா?" என்றார் கர்னல்.

"நான் கேக்கவே இல்ல சார்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "எனக்கும் கேக்க வாய் வந்திருக்காது" என்றார். பிறகு இஸ்திரித் துணி விஷயத்தைச் சொன்னேன். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். கோட்டைக்கூட மாட்டாமல் வெளியே போனார். அன்று அடையாறு பாலம் வரை போய்த் திரும்பியதாக மாரி சொன்னான். வந்தவர் நின்றபடியே சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அவர் பிடித்த நூல் இதுதான். ஒருவன் வராமல் போவது மட்டும் ஓடிப்போனது ஆகாது. திரும்பக் கூடாது என்ற எண்ணம் இருக்க வேண்டும். சேகர் செத்தான் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. திரும்பிப் போகத்தான் இருந்தான் என்று காட்டினால் போதும். ஓடிப்போக நினைக்கிறவன் யூனிஃபார்மை இஸ்திரிக்குப் போடுவானா?

சித்தப்பா வந்தார். சத்தியம் செய்திருக்கிறேன் என்று கையைப் பிசைந்தார்.

"செத்தான்னு நீங்க சொல்ல வேண்டாம். அவர் படகுல ஏறினதைச் சொல்லுங்க. கவிழ்ந்ததைச் சொல்லுங்க. அதுக்கப்புறம் அவரைப் பார்த்தீங்களா?" என்றார் கர்னல்.

"பாக்கல சார்."

"அதோட நிறுத்திக்குங்க. சத்தியமும் நிக்கும், சாட்சியமும் நிக்கும்."

ராணுவத்தினர் வழக்குகளுக்கென்றே இருக்கும் தீர்ப்பாயத்தில் விசாரணை. மேடையில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும், ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவரும். பெரும்பாலும் அங்கே எல்லாம் எழுத்தில்தான் நடக்கும். அன்று கர்னல் இஸ்திரிக்காரரையே அழைத்து வந்திருந்தார். அவர் ஒரு வெள்ளைத் துணி மூட்டையைப் பிரித்தார். மடிப்புக் கலையாத யூனிஃபார்ம். மழைக்காலம் முடிந்தால் எடுத்து மறுபடி ஒரு தேய்ப்புத் தேய்த்து வைப்பேன், ஐயா, என்றார். கேட்டுக்கொண்டிருந்த ஜெனரல் கண்ணாடியைக் கழற்றினார்.

அரசுத் தரப்பு வக்கீல் இளைஞர். அவர் தன் வேலையைத்தான் செய்தார். "அம்மாவை ஒரு கேள்வி கேட்கலாமா?" என்றார். கர்னலின் கை மேஜை விளிம்பை இறுகப் பிடித்ததைப் பார்த்தேன். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

"அம்மா, உங்க மகன் வந்துடுவான்னு அன்னிக்கு போலீஸ்கிட்ட சொல்லியிருக்கீங்க. இன்னும் ஏன் வரல?"

தேசம்மா புடவைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவன் வந்துதான் இருப்பான், ஐயா. சொன்ன நாளுக்குப் பட்டாளத்துக்குப் போய்த்தான் இருப்பான். அவன் மேல தப்பு இல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "கடலு வுடல."

வேறு கேள்வி இல்லை என்று அந்த இளைஞர் உட்கார்ந்துவிட்டார். கர்னல் எழுந்து கடைசி வாதம் செய்ய வேண்டும். இரவெல்லாம் தயார் செய்திருந்தார். அத்தனை பக்கத்தையும் நான்தான் டைப் அடித்திருந்தேன். எழுந்தார். தாளைப் பார்த்தார். "சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை" என்று உட்கார்ந்துவிட்டார். தன் வாழ்நாளில் வாதாடாமல் விட்ட ஒரே வழக்கு அது.

சில வாரம் கழித்து உத்தரவு வந்தது. அந்த வார்த்தையை நீக்கிவிட்டார்கள். பணிக்காலத்தில் கடலில் காணாமல் போனவர் என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். கர்னலும் நானும் நொச்சிக்குப்பத்துக்குப் போனோம். மீன் கடைக்கு முன்னால் நின்று, அவர் உத்தரவை வரி வரியாகத் தமிழில் சொன்னார். தேசம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இனிமே போலீஸ் வராதா?"

"வராது."

"ஓடிப் போனவன்னு எங்கியும் இல்லியே?"

"எங்கயும் இல்ல."

அவள் கடல் பக்கம் பார்த்தாள். முகத்தில் ஒரு கவலை வந்தது. "அப்ப அவன் திரும்பி வந்தா எங்க சார் போவான்? பேரையே எடுத்துட்டாங்கன்னா பட்டாளத்துல சேத்துப்பாங்களா?"

சட்டப்படி இதற்கு என்ன பதில் என்று எனக்கே தெரியும். பொய் என்றால் பால் பாக்கெட்டுக்குக்கூட விசாரணை வைத்தவர் அவர். என்ன சொல்லப் போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

கர்னல் விறைப்பாக நின்றார். அதிகாரிக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னார்: "நேரா மந்தைவெளிக்கு, என் ஆபீசுக்கு வரச் சொல்லுங்க. யூனிஃபார்ம் போட்டு நானே கூட்டிட்டுப் போய் ரெஜிமென்ட்ல சேர்த்துட்டு வரேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் அழுத்தமாகத் தலையாட்டிவிட்டு, கத்தியை எடுத்து மீனை வெட்ட ஆரம்பித்தாள். ஆபீசுக்குத் திரும்பியதும் கர்னல் என்னைக் கூப்பிட்டார். "சேகர்னு யாராவது வந்தா, நான் கோர்ட்ல இருந்தாலும் கூப்பிடுங்க. உட்கார வச்சு காபி கொடுங்க" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. அதன் பிறகு எனக்கும் அது விளையாட்டாகத் தோன்றவில்லை.

போன மழைக்காலத்தில் கர்னல் காலமானார். மாரி அவரைத் தூக்கினவர்களில் ஒருவன். தேசம்மா அன்று கடை போடவில்லை. ஆபீசில் இப்போது வேறொரு வக்கீல் இருக்கிறார், நல்ல மனிதர், கட்சிக்காரர்களை உட்கார வைத்துப் பேசுகிறார். நான் அவருக்கு டைப் அடிக்கிறேன்.

சேகரின் ரெஜிமென்ட் வடக்கே எந்த ஊரில் இருக்கிறது, எந்த ரயில், எங்கே மாற வேண்டும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். நான் தனியாகத் தாம்பரம் தாண்டியதில்லை. இந்தி தெரியாது. வாசலில் துப்பாக்கியோடு நிற்பவரிடம் என்ன பேசுவது என்றும் தெரியாது. இருந்தாலும், அந்தப் பையன் வந்தால், நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

கர்னல் சொல்லிவிட்டாரே.